உங்கள் பதிவை அரசு எப்படி நீக்க வைக்கிறது?

"சமூக ஊடகத்தைக் கட்டுப்படுத்தியே ஆகணும்" என்று ஒருவர் சொல்வார். "அது கருத்துச் சுதந்திரத்தின் கழுத்தை நெரிப்பது" என்று இன்னொருவர் பதில் சொல்வார். அதன் பிறகு பேச்சு அந்த இடத்தை விட்டு நகராது. கடைசியில் ஒருவர் மற்றவரை "நீ அந்தக் கட்சி ஆள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இந்த விவாதம் எத்தனை முறை நடந்தாலும் ஒரு கேள்வி மட்டும் வருவதே இல்லை. கட்டுப்படுத்துவது என்றால் யார், யாரைப் பிடித்து, எதைச் செய்ய வைப்பது?

எழுதியவர் வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டும் என்பதுதான் பலர் மனதில் இருக்கும் படம். அதுவும் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான கட்டுப்பாடு அப்படி நடப்பதில்லை. எழுதியவரை விட்டுவிட்டு, எழுத்தைச் சுமந்து செல்லும் நிறுவனத்தைப் பிடிப்பதுதான் வழக்கமான முறை. இந்த ஒன்று பிடிபட்டால், உலகெங்கும் வருகிற இணையச் சட்டங்களில் முக்கால்வாசி பிடிபட்டுவிடும். அரசுகள் ஏன் இவ்வளவு ஆசையாக அவற்றைக் கொண்டுவருகின்றன என்பதும் புரியும்.

ஒரு புத்தகக் கடைக்காரரின் கணக்கு

நீங்கள் ஒரு புத்தகக் கடை வைத்திருக்கிறீர்கள். அலமாரிகளில் 10,000 புத்தகங்கள். திடீரென்று ஒரு சட்டம் வருகிறது. கடையில் உள்ள ஏதாவது ஒரு புத்தகத்தில் தடைசெய்யப்பட்ட விஷயம் இருந்தால் கடைக்காரருக்குச் சிறை. அதை அவர் படித்தாரா, அப்படி ஒன்று உள்ளே இருப்பது அவருக்குத் தெரியுமா என்பதெல்லாம் கேள்வியே இல்லை.

என்ன செய்வீர்கள்? எல்லாவற்றையும் படித்துப் பார்க்க ஓர் ஆயுள் போதாது. எனவே, சந்தேகம் வருகிற எதையும் அலமாரியிலிருந்து எடுத்துவிடுவீர்கள். ஒரு புத்தகத்தை எடுத்துவிட்டால் ஒரு விற்பனை போகும். வைத்திருந்தால் சிறைக்குப் போக நேரலாம். இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் சாய்வது என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எந்தப் புத்தகத்தை எடுக்க வேண்டும் என்று அரசு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. தணிக்கை வேலை முழுவதையும் கடைக்காரரே, பயத்தில், தன் கையால் செய்து முடித்துவிட்டார்.

இது வெறும் கற்பனை இல்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இப்படி ஒரு விதி இருந்தது. அதன்படி தண்டிக்கப்பட்ட புத்தகக் கடைக்காரர் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 'ஸ்மித் எதிர் கலிஃபோர்னியா' என்ற அந்த வழக்கில் 1959இல் தீர்ப்பு வந்தது. உள்ளடக்கம் என்ன என்றே தெரியாத விற்பனையாளரைத் தண்டித்தால், அவர் தான் பார்த்துச் சரியென்று நினைத்த புத்தகங்களை மட்டுமே விற்பார், அதனால் சட்டப்படி தவறே இல்லாத புத்தகங்களும் மக்களுக்குக் கிடைக்காமல் போகும் என்று சொல்லி, நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது.

இப்படித் தவறில்லாததும் சேர்ந்து காணாமல் போவதற்கு இந்தக் கட்டுரையில் 'மிகை நீக்கம்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். பின்னால் பலமுறை வரும்.

கடை இணையத்துக்கு வந்தது

அடுத்தவர் எழுதியதையும் பேசியதையும் வாங்கி, வைத்து, மற்றவர்களுக்குக் காட்டும் அமைப்பைச் சட்டம் 'இடைநிலை நிறுவனம்' என்று அழைக்கிறது. ஃபேஸ்புக், யூட்யூப், எக்ஸ், வாட்ஸ்அப் எல்லாம் இதில் அடங்கும். இணைய இணைப்புத் தரும் தொலைபேசி நிறுவனமும்கூட இடைநிலை நிறுவனம்தான். புத்தகக் கடையில் 10,000 புத்தகங்கள் என்றால், இங்கே கோடிக்கணக்கான பதிவுகள்.

1990களின் தொடக்கத்திலேயே கேள்வி எழுந்துவிட்டது. பயனர் எழுதியதற்கு நிறுவனம் பொறுப்பா? 1991இல் கம்ப்யூசர்வ் என்ற நிறுவனத்தின் மீது அவதூறு வழக்கு வந்தது. அந்த நிறுவனம் எதையும் படித்துப் பார்ப்பதில்லை, எனவே அது புத்தகக் கடை மாதிரி, பொறுப்பு இல்லை என்று தீர்ப்பானது. 1995இல் புராடிஜி என்ற நிறுவனம் மாட்டிக்கொண்டது. அது கெட்ட வார்த்தைகளை வடிகட்டி, கண்ணியமாக நடத்த முயன்ற நிறுவனம். "நீங்கள்தான் உள்ளடக்கத்தைக் கண்காணிக்கிறீர்களே, அப்படியானால் பத்திரிகை ஆசிரியர் மாதிரி உங்களுக்கும் பொறுப்பு உண்டு" என்றது நியூயார்க் நீதிமன்றம்.

சுத்தம் செய்ய முயன்றவருக்கு வழக்கு. கண்ணை மூடிக்கொண்டவருக்கு விடுதலை. இந்த முரண்பாட்டைச் சரிசெய்யத்தான் 1996இல் அமெரிக்கா தன் தகவல்தொடர்புக் கண்ணியச் சட்டத்தில் 230ஆம் பிரிவைக் கொண்டுவந்தது. பயனர் சொன்னதற்கு நிறுவனத்தைப் பதிப்பாளராகக் கருதக் கூடாது என்பதும், நல்லெண்ணத்தோடு சிலவற்றை நீக்கினால் அதற்காகவும் தண்டிக்கக் கூடாது என்பதும் அதன் சாரம். இந்தப் பாதுகாப்பைத்தான் 'பொறுப்பு விலக்கு' என்கிறோம்.

இந்தியா இதைக் கொஞ்சம் கசப்பான வழியில் கற்றுக்கொண்டது. 2004இல் பாஸீ என்ற ஏல இணையதளத்தில் ஒரு பயனர் ஆபாச வீடியோவை விற்பனைக்குப் போட்டார். கைதானவர்களில் அந்தத் தளத்தின் தலைமை நிர்வாகியும் ஒருவர். அதற்குப் பிறகு, 2008இல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தைத் திருத்தியபோது 79ஆம் பிரிவில் பொறுப்பு விலக்கு விரிவானது. ஆனால் இந்திய விலக்கில் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சட்டவிரோதமான ஒன்று தன் தளத்தில் இருக்கிறது என்று அறிந்த பிறகும் நிறுவனம் அதை நீக்காவிட்டால் விலக்கு போய்விடும்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். விலக்கு இருக்கும்வரைதான் அந்த நிறுவனத்தால் தொழில் செய்ய முடியும். விலக்கைத் தரும் கை அதைத் திரும்பப் பறிக்கவும் முடியும். இணையப் பேச்சைப் பற்றிய அரசியல் சண்டை பெரும்பாலும் இந்த ஒரு பிடிக்காகத்தான் நடக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பேச்சைச் சுமப்பவர் பயந்தால், பேசுபவரைத் தொடாமலே பேச்சு மறைந்துவிடும். அந்தப் பயத்தைக் குறைக்க வந்தது பொறுப்பு விலக்கு. விலக்கை இறுக்கினால் பயம் கூடும், மிகை நீக்கமும் கூடும்.

பிடிக்கும் இடங்கள்

நேரடியாகப் பேசுபவரைப் பிடிப்பது பழைய முறை. இந்தியாவில் 2009இல் நடைமுறைக்கு வந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு அப்படிப்பட்டது. மிகவும் புண்படுத்தும் தகவலை அனுப்பினால், அல்லது பொய் என்று தெரிந்தே எரிச்சலையும் தொந்தரவையும் தர அனுப்பினால், 3 ஆண்டு வரை சிறை. புண்படுவது, எரிச்சல்படுவது எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும் விஷயம். 2012 நவம்பரில் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே இறந்த பிறகு மும்பையில் நடந்த கடையடைப்பைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதிய ஓர் இளம்பெண்ணும், அதற்கு விருப்பக்குறி போட்ட அவர் தோழியும் கைதானார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜியைக் கிண்டல் செய்த ஒரு படத்தை மின்னஞ்சலில் அனுப்பியதற்காகக் கொல்கத்தாவில் ஒரு பேராசிரியர் கைதானார். ஒரு விருப்பக்குறிக்குக் கைது என்பதை இப்போது எழுதும்போதும் எனக்கு மனம் ஆறவில்லை.

சீனா இதையே எண்ணிக்கையில் எழுதிவைத்தது. அவதூறான பதிவை 5,000 பேர் பார்த்தாலோ, 500 முறை பகிர்ந்தாலோ எழுதியவருக்குச் சிறை வரலாம் என்று 2013இல் அங்கே நீதித்துறை விளக்கம் வந்தது. எத்தனை பேர் பகிர்வார்கள் என்பது எழுதுபவர் கையில் இருக்கிறதா என்ன? இல்லை. அதனால் எழுதாமலே இருந்துவிடுவது நல்லது என்று தோன்றும். இப்படித் தன் வாயைத் தானே பொத்திக்கொள்வதுதான் 'சுய தணிக்கை'.

ஆனால் ஒவ்வொருவராகப் பிடிப்பது அரசுக்குச் செலவு. கைது செய்தால் செய்தியாகிறது, வழக்காகிறது, பிடிபட்டவர் நாயகனாகிவிடுகிறார். நிறுவனத்தைப் பிடித்தால் இந்தச் சங்கடம் ஒன்றும் இல்லை.

ஜெர்மனி 2017இல் கொண்டுவந்த சட்டத்தைப் பாருங்கள். வெறுப்புப் பேச்சைத் தடுப்பது அதன் நோக்கம், நாஜி வரலாறு கொண்ட ஒரு நாட்டுக்கு அந்த அக்கறை நியாயமானதும்கூட. அப்பட்டமாகச் சட்டவிரோதமான பதிவைப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்றும், அந்த ஏற்பாட்டில் தொடர்ந்து தவறினால் 5 கோடி யூரோ வரை அபராதம் என்றும் சட்டம் சொன்னது. நீக்கக் கூடாத பதிவை நீக்கிவிட்டால்? அதற்கு அபராதம் இல்லை. புத்தகக் கடைக்காரரின் கணக்கு அப்படியே வந்துவிட்டது, பாருங்கள். ஒரு பக்கம் 5 கோடி, மறு பக்கம் பூஜ்யம்.

நல்ல நோக்கத்தோடு செய்த கருவி என்றாலும், அதைப் பார்த்துச் செய்பவர் எல்லோருக்கும் அதே நோக்கம் இருப்பதில்லை. துருக்கி 2020இல் தன் சட்டத்தைக் கொண்டுவந்தபோது ஜெர்மனியைத்தான் முன்மாதிரியாகக் காட்டியது. கூடவே இன்னொரு ஏற்பாட்டையும் சேர்த்தது. துருக்கியில் பிரதிநிதி ஒருவரை நியமிக்காத தளத்தின் இணைய வேகத்தை 90 சதவீதம் வரை குறைக்கலாம். தளம் தடைசெய்யப்படவில்லை என்றுதான் பெயர், ஆனால் திறக்க முடியாது.

உள்நாட்டில் ஓர் ஆள் வேண்டும் என்ற நிபந்தனை இப்போது பல நாடுகளில் இருக்கிறது. இந்தியாவின் 2021 விதிகளும் 50 லட்சத்துக்கு மேல் பயனர் உள்ள நிறுவனங்கள் இந்தியாவில் வசிக்கும் ஒருவரைத் தலைமை இணக்க அதிகாரியாக வைக்க வேண்டும் என்கின்றன. விதிகளை மீறினால் அவர் மீதே வழக்கு வரலாம். பயனர்களின் புகாரைக் கேட்க உள்ளூரில் ஒருவர் இருப்பது நல்லதுதானே என்று தோன்றும். உண்மையிலேயே நல்லதுதான். ஆனால் கைது செய்யக்கூடிய தூரத்தில் ஒருவர் இருக்கும்போது, அரசின் உத்தரவை எதிர்த்து வழக்குப் போடலாமா என்று நிறுவனம் இரண்டு முறை யோசிக்கும். வழக்குப் போட்டவர்களின் கதையும் ஊக்கம் தருவதாக இல்லை. பதிவுகளையும் கணக்குகளையும் முடக்கச் சொன்ன உத்தரவுகளை எதிர்த்து ட்விட்டர் (இன்றைய எக்ஸ்) கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2023 ஜூனில் மனு தள்ளுபடியாகி, 50 லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் கட்டச் சொன்னார்கள்.

குழாயையே மூடிவிடுவது இன்னொரு முறை. 2011 ஜனவரியில் போராட்டம் வெடித்தபோது எகிப்து அரசு நாட்டின் இணையத்தையே சில நாள் துண்டித்தது. ஜம்மு காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் போன 4ஜி சேவை முழுமையாகத் திரும்ப வந்தது 2021 பிப்ரவரியில், அதாவது 18 மாதம் கழித்து. காலவரையின்றி இணையத்தை நிறுத்தக் கூடாது, நிறுத்தும் உத்தரவை வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியிலேயே சொல்லியிருந்தது.

வரி போட்டும் வாயை அடைக்கலாம். உகாண்டா 2018இல் சமூக ஊடகத்தைப் பயன்படுத்த நாளொன்றுக்கு 200 ஷில்லிங் வரி விதித்தது. வம்பு பேசுவதால் வரும் விளைவுகளைச் சமாளிக்கப் பணம் வேண்டும் என்பது அதிபர் முசேவேனியின் வாதம்.

கடைசியாக, காகிதத்தில் வராத ஒரு முறை உண்டு: ஒரு தொலைபேசி அழைப்பு. "இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று ஓர் அதிகாரி சொன்னால் அது வேண்டுகோளா, உத்தரவா? அமெரிக்காவில் கோவிட் காலத்தில் அரசு அதிகாரிகள் இப்படி அழுத்தம் தந்தார்கள் என்று தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2024இல் வேறு காரணத்துக்காக ஏற்கவில்லை. வழக்குப் போட்டவர்களுக்கு அதற்கான தகுதி நிரூபணமாகவில்லை என்றது. வேண்டுகோள் எந்த இடத்தில் மிரட்டலாகிறது என்ற கேள்வி அந்த வழக்கில் பதில் இல்லாமலே நின்றுவிட்டது.

சாதாரணப் பயனர் அடிக்கடி குழம்பும் இடமும் இதுதான். ஒரு நிறுவனம் தன் விதிப்படி உங்கள் பதிவை நீக்கினால், அது எரிச்சலான விஷயம்தான், ஆனால் அரசமைப்புச் சட்டம் தரும் பேச்சுரிமை முதன்மையாக அரசின் கையைக் கட்டுவது. அரசு சொல்லி நிறுவனம் நீக்கினால் நிலைமை வேறு. ஆனால் திரையில் இரண்டும் ஒரே மாதிரி ஒரு சாம்பல் கட்டமாகத்தான் தெரியும். இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் வரும் முடக்க உத்தரவுகள் ரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்று விதியே இருப்பதால், எது எது என்று பிரித்துப் பார்க்க உங்களுக்கு வழி குறைவு.

சுருக்கமாக: பேசுபவர், சுமக்கும் நிறுவனம், இணைப்பு, செலவு என்று பிடிக்க பல இடங்கள் உண்டு. இவற்றில் சத்தமில்லாமல் வேலை முடிவது நிறுவனத்தைப் பிடிக்கும்போதுதான்.

ஆபத்து பொய்யில்லை

எல்லாமே அரசின் சதி என்று நினைத்துவிட வேண்டாம். மியான்மரில் ரோஹிங்யா மக்களுக்கு எதிரான வெறுப்பு ஃபேஸ்புக்கில் பல ஆண்டு பரவியது. வன்முறையைத் தூண்ட தன் தளம் பயன்படுவதைத் தடுக்கப் போதிய அளவு செய்யவில்லை என்று அந்த நிறுவனமே 2018இல் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு இந்தியாவில், குழந்தை கடத்துபவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பிக் கும்பல்கள் அப்பாவிகளை அடித்துக் கொன்றன. 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் மசூதித் தாக்குதலைக் கொலையாளி நேரலையில் ஒளிபரப்பினான்.

இதையெல்லாம் பார்த்த பிறகு "யாரும் எதையும் செய்ய வேண்டாம்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், உண்மையான இந்தப் பயத்தைக் காட்டித்தான் வேறு வேலைக்கான சட்டமும் உள்ளே நுழைகிறது. முன்னுரையில் குழந்தைகள், பெண்கள், சமூக அமைதி இருக்கும். உள்ளே பிரிவுகளைப் படித்தால் வேறொருவரைக் காப்பாற்றுவது தெரியும்.

நோக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓர் அமைச்சரின் மனதுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் சட்டத்தின் மேலேயே சில தடயங்கள் இருக்கும்.

முதல் தடயம், நாள்காட்டி. மலேசியாவில் பிரதமர் நஜிப் ரசாக்கின் அரசு, 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிதியின் ஊழல் புகாரில் சிக்கித் தவித்துக்கொண்டிருந்தது. 2018 ஏப்ரலில் பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 6 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம். தேர்தல் மே 9. இடையில் சில வாரங்கள்தான். அந்தச் சட்டத்தின் கீழ் போலீஸ் விசாரித்தவர்களில் ஒருவர் எதிர்க்கட்சிக் கூட்டணியின் தலைவர் மகாதீர் முகமது. தன் விமானத்தில் யாரோ வேண்டுமென்றே கோளாறு செய்துவிட்டதாக அவர் சொன்னது பொய்ச் செய்தியா என்று விசாரணை. ஒரு வாரத்தில் அவர் பிரதமராகிவிட்டார்.

அவர் அரசு சட்டத்தை ரத்து செய்யக் கீழவையில் மசோதா கொண்டுவந்தது. பழைய ஆளுங்கட்சியின் கையில் இருந்த மேலவை அதைத் தடுத்தது. கடைசியில் 2019 டிசம்பரில்தான் ரத்து உறுதியானது. கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் 2021 மார்ச்சில், வேறொரு பிரதமர் காலத்தில், நெருக்கடிநிலையும் கோவிட்டும் பற்றிய பொய்ச் செய்திக்கு என்று ஓர் அவசரச் சட்டம் வந்துவிட்டது. மூன்று ஆண்டுக்குள் ஒரு நாட்டில் இவ்வளவும் நடந்தது. இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் மலேசியாவைத்தான் காட்டுவேன்.

துருக்கியில் பொய்த் தகவல் பரப்பினால் 3 ஆண்டு வரை சிறை என்ற சட்டம் 2022 அக்டோபரில் வந்தது; தேர்தல் 2023 மே. இலங்கையில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 ஜனவரியில் நிறைவேறியது; ஜனாதிபதித் தேர்தல் அதே ஆண்டு செப்டம்பர். நாள்காட்டி மட்டும் எதையும் நிரூபித்துவிடாது, சந்தர்ப்பவசமாகவும் அமையலாம். அதனால் அடுத்த தடயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பொய் எது என்று தீர்மானிப்பது யார்? சிங்கப்பூரின் 2019 சட்டத்தில் எந்த அமைச்சரும் ஒரு கூற்றைப் பொய் என்று கருதினால், பதிவின் மேல் திருத்தக் குறிப்பு போடச் சொல்லலாம். எதிர்ப்பவர் முதலில் அந்த அமைச்சரிடமே முறையிட வேண்டும், பிறகுதான் நீதிமன்றம். முதல் உத்தரவு 2019 நவம்பரில் ஓர் எதிர்க்கட்சி உறுப்பினருக்குத்தான் போனது. அரசின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் பதிவு நீக்கப்படுவதில்லை, குறிப்பு மட்டும் சேர்கிறது, படிப்பவர் இரண்டையும் பார்க்கலாம். நீக்குவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும், அரசைப் பற்றிய ஒரு குற்றச்சாட்டு பொய்யா என்பதை அரசின் அமைச்சரே முதலில் முடிவு செய்வது, பந்தயத்தில் ஓடுபவரே விசிலையும் கையில் வைத்திருப்பதைப் போன்றது.

இந்தியா 2023 ஏப்ரலில் ஏறக்குறைய அதே பாதையில் போகப் பார்த்தது. மத்திய அரசின் நடவடிக்கைகள் பற்றிய தகவல் பொய்யானது அல்லது தவறாக வழிநடத்துவது என்று அரசே நியமிக்கும் உண்மை சரிபார்ப்புப் பிரிவு சொன்னால், அதன் பிறகும் அதை வைத்திருக்கும் நிறுவனம் பொறுப்பு விலக்கை இழக்க நேரிடும். எந்தப் பிடியைப் பற்றி மேலே சொன்னேனோ, அதே பிடிதான். அந்த உண்மை சரிபார்ப்புப் பிரிவை 2024 மார்ச் 20 அன்று அறிவித்தார்கள், மக்களவைத் தேர்தலுக்குச் சில வாரம் முன்பு. மறுநாளே உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. மும்பை உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்புத் தர, செப்டம்பரில் மூன்றாவது நீதிபதி அந்தத் திருத்தம் செல்லாது என்றார்.

இங்கே பலர் அறியாத ஒரு விஷயம் உண்டு. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அரசு சொல்லக்கூடிய காரணங்களை அரசமைப்புச் சட்டம் 19(2) பிரிவில் பட்டியலிட்டிருக்கிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, குற்றத்தைத் தூண்டுதல் போன்றவை அதில் உண்டு. 'பொய்' என்பது மட்டும் தனிக் காரணமாக அதில் இல்லை. ஒரு பொய் யாரையாவது அவதூறு செய்தாலோ, கலவரத்தைத் தூண்டினாலோதான் சட்டம் அதைத் தொட முடியும். பொய்யாக இருப்பதாலேயே தொட முடியாது.

மூன்றாவது தடயம் சொற்கள். 'எரிச்சல்', 'தவறாக வழிநடத்துவது', 'தீங்கானது' போன்ற சொற்களுக்கு எல்லைக்கோடு இல்லை. பிரிட்டன் தன் இணையப் பாதுகாப்புச் சட்டத்தை எழுதும்போது, சட்டப்படி குற்றமில்லாத ஆனால் பெரியவர்களுக்குத் தீங்கான பேச்சையும் நிறுவனங்கள் கையாள வேண்டும் என்ற பகுதியை வைத்திருந்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2022 நவம்பரில் அதைக் கைவிட்டார்கள். குற்றமில்லாத ஒன்றை யார் எந்த அளவுகோலால் தீங்கு என்று சொல்வது என்ற கேள்விக்கு யாரிடமும் நல்ல பதில் இல்லை.

கட்சி மாறினாலும் கருவி மாறாது

"இது அந்தக் கட்சியின் குணம்" என்று சொல்பவர்களுக்கு 230ஆம் பிரிவின் கதையைச் சொல்ல வேண்டும். 2020 மே மாதம் ட்விட்டர் அதிபர் டிரம்பின் இரண்டு பதிவுகளுக்கு உண்மை சரிபார்ப்புக் குறிப்பு போட்டது. இரண்டே நாளில் அந்தப் பிரிவின் பாதுகாப்பைச் சுருக்க அவர் நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். அதே ஆண்டு ஜனவரியில், அதே பிரிவை ரத்து செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தவர் ஜோ பைடன். ஒருவர், நிறுவனங்கள் அதிகமாக நீக்குகின்றன என்றார். மற்றவர், போதுமான அளவு நீக்கவில்லை என்றார். இரண்டு பேரும் பிடிக்கப் போனது ஒரே கயிற்றை.

நைஜீரியாவில் 2021 ஜூனில் அதிபர் புஹாரியின் பதிவை ட்விட்டர் நீக்கியது. சில நாளில் அந்தத் தளமே நாட்டில் தடைசெய்யப்பட்டு, 7 மாதம் கழித்துத்தான் திரும்ப வந்தது. நேபாளம் 2025 செப்டம்பரில், அரசிடம் பதிவு செய்துகொள்ளவில்லை என்று 26 தளங்களை முடக்கியது. ஊழல் மீது ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். செப்டம்பர் 8 அன்று மட்டும் 19 பேர் உயிரிழந்தார்கள். மறுநாள் பிரதமர் ஒலி பதவி விலகினார். ஒரு பதிவு நடைமுறையின் பெயரால் தொடங்கியது இது.

இந்தத் தடயங்களைச் சேர்த்துச் சொன்னால்: சட்டம் எப்போது வந்தது, யார் நடுவர், சொற்களுக்கு எல்லை உண்டா, அதை எதிர்க்கட்சியிடம் கொடுத்தாலும் அதே கட்சி ஆதரிக்குமா. கடைசிக் கேள்வியை உங்களுக்குப் பிடித்த கட்சியிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.

வேறு மாதிரி எழுத முடியாதா?

முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரியிலிருந்து முழுமையாக அமலில் இருக்கிறது. அதில் எனக்குக் கவலை தரும் பகுதிகளும் உண்டு. உலகளாவிய வருமானத்தில் 6 சதவீதம் வரை அபராதம் என்பது சின்னப் பயம் இல்லை. ஆனால் அது இன்னொரு பக்கத்தையும் தராசில் வைத்தது. பதிவை நீக்கினால் ஏன் நீக்கினோம் என்று பயனருக்குக் காரணம் சொல்ல வேண்டும். அவர் முறையிட வழி இருக்க வேண்டும். தவறாக நீக்குவதற்கும் ஒரு விலை உண்டு என்றால், கடைக்காரரின் கணக்கு கொஞ்சம் நிமிரும்.

இந்திய உச்ச நீதிமன்றமும் 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் இதே திசையில் ஓர் அடி வைத்தது. யாரோ புகார் சொன்னார்கள் என்பதற்காக நிறுவனம் நீக்க வேண்டியதில்லை, நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் அது 'அறிந்ததாக' ஆகும் என்றது. பிறகு அந்த 'அரசின் அறிவிப்பு' என்ற வாசலே அகலமானது. பல துறை அதிகாரிகள் நேரடியாக நிறுவனங்களுக்கு நீக்க அறிவிப்பு அனுப்ப 'சஹயோக்' என்ற இணையவாயில் வந்தது. அதை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் போட்ட மனுவைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது.

அந்த 2015 தீர்ப்பில்தான் 66ஏ பிரிவும் முழுமையாக ரத்தானது. அதைக் கொண்டுவந்தது ஓர் அரசு. நீதிமன்றத்தில் நின்று அது இருக்கட்டும் என்று வாதாடியது, அந்த அரசைத் தேர்தலில் தோற்கடித்து வந்த அடுத்த அரசு. பிரிவு போய்விட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் பல காவல் நிலையங்களில் அதே பிரிவின் கீழ் வழக்குகள் பதிவாகிக்கொண்டே இருந்தன. இது அதிர்ச்சி தருகிறது என்று 2021இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. 2022 அக்டோபரில், இந்தப் பிரிவில் இனி யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது, நிலுவையில் உள்ள வழக்குகளிலிருந்து அதை எடுத்துவிட வேண்டும் என்று மறுபடி ஓர் உத்தரவு போட வேண்டியிருந்தது. ரத்தாகி 7 ஆண்டுக்குப் பிறகு, இல்லாத ஒரு சட்டத்துக்காக.